மதுரை திருநகர் வீட்டு பாத்ரூமை இடித்துக் கட்டப் போகிறோம், எதில் ஆரம்பிப்பது?

திருநகர்வாசி (இழையைத் தொடங்கியவர்):

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீடு 1994-ல் அப்பா கட்டியது. கீழே நாங்கள் இருக்கிறோம், மாடியில் ஒரு குடும்பம் வாடகைக்கு. கீழ் வீட்டு பாத்ரூமை மாற்ற வேண்டும் என்று அஞ்சாறு வருஷமாகப் பேச்சு, இந்த முறை உண்மையாகவே செய்யப் போகிறோம். உள்ளளவு ஏழு அடிக்கு நாலரை அடி, கக்கூஸும் குளியலும் அதற்குள்ளேயேதான். இப்போது இருப்பது தரையில் பதித்த இந்தியன் பேசின், சுவரில் நாலடி உயரத்துக்கு வெள்ளை டைல்ஸ், தரை மொசைக். அம்மாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது, குத்தவைத்து உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். அதனால் வெஸ்டர்ன் கண்டிப்பாக வேண்டும்.

பைபாஸ் ரோட்டில் ரெண்டு மூணு ஷோரூம் ஏறி இறங்கினோம், மண்டை குழம்பியதுதான் மிச்சம். ஒருத்தர் பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டலாம் என்கிறார், இன்னொருத்தர் சுவரில் தொங்கும் கம்மோடுதான் இப்போது எல்லாரும் வைக்கிறார்கள் என்கிறார், வீட்டுக்காரிக்கு மேலிருந்து மழை மாதிரி கொட்டும் பெரிய ஷவர் பிடித்துப்போய்விட்டது. சீலிங்கில் ஒரு மூலையில் ஈரம் பூத்து பெயிண்ட் உரிகிறது, அதை ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைத்துவிடலாமாம். கையில் இருப்பது ஒன்றரை லட்சம். என்ன டைல்ஸ், என்ன கம்மோடு, எப்படி ஆரம்பிப்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மேலூர் மச்சான்:

ஒன்றரை லட்சம் தாராளம். மொசைக்கை உடைக்காதீர்கள், மேலேயே ஒட்டச் சொல்லுங்கள். ரப்பீஸ் (இடித்த கழிவு) அள்ளுகிற கூலியே மிச்சம்.

ஆனையூர் சைட் இன்ஜினியர்:

திருநகர்வாசி சார், டைல்ஸ், கம்மோடு எல்லாம் அப்புறம் பேசலாம். நீங்கள் கடைசியில் போகிற போக்கில் சொன்னீர்களே, சீலிங்கில் ஈரம், அதுதான் உங்கள் வேலையின் முதல் வரி. அதற்கு மேலே என்ன இருக்கிறது? மாடி வீட்டு பாத்ரூமா? அப்படியென்றால் நீங்கள் முதலில் கை வைக்க வேண்டியது மாடியில், கீழே இல்லை.

ஃபால்ஸ் சீலிங் போட்டால் ஈரம் கண்ணுக்குத் தெரியாது, அம்புட்டுத்தான். தண்ணீர் உள்ளே தளத்துக் கம்பிக்குப் போய்க்கொண்டே இருக்கும். கம்பி துருப்பிடித்தால் ஊதும், ஊதினால் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். ஒருநாள் அது பாளம் பாளமாக அந்தப் பலகை மேல் விழும், கீழே குளித்துக்கொண்டிருப்பது உங்கள் அம்மா. வீடு கட்டி முப்பது வருஷம் தாண்டிவிட்டது, இதை லேசாக எடுக்காதீர்கள்.

ரெண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். உங்கள் சீலிங்குக்குக் கீழே மாடி பாத்ரூமின் பைப் தொங்குகிறதா, இல்லை எதுவுமே தெரியாமல் சீலிங் மட்டும் ஒரு அடி இறங்கி இருக்கிறதா? ஒழுகல் எப்போதும் இருக்கிறதா, மேலே குளிக்கும்போது மட்டுமா?

திருநகர்வாசி:

பைப் எதுவும் தெரியவில்லை சார், ஹாலை விட பாத்ரூம் சீலிங் ஒரு அடி தாழ்வுதான். ஒழுகல் என்று சொல்ல முடியாது, ஈரம்தான். மழைக்காலத்தில் கூடுதலாக இருக்கிறது என்று நினைக்கிறேன், கவனித்ததில்லை.

ஆனையூர் சைட் இன்ஜினியர்:

சரி, அப்படியென்றால் சங்கன் ஸ்லாப். மாடி பாத்ரூம் தளத்தை ஒரு அடி இறக்கி வார்த்து, அந்தப் பள்ளத்துக்குள் பைப்பைப் படுக்கவைத்து, செங்கல் ஜல்லி போட்டு நிரப்பி, மேலே தரை போட்டிருப்பார்கள். அந்தக் காலத்தில் கெமிக்கல் எல்லாம் யாரும் அடிக்கவில்லை, சிமெண்ட் பாலோடு சரி. நஹானி டிராப் (தரைத் தண்ணீர் வடியும் ஓட்டையும் அதன் அடியில் இருக்கும் கிண்ணமும்) ஓரத்தில் சின்ன விரிசல் விட்டால் போதும், செங்கல் ஜல்லி முழுக்க ஸ்பாஞ்சு மாதிரி தண்ணீரைக் குடித்துவைத்துக்கொண்டு மாசக்கணக்கில் கசியும். அதனால்தான் உங்களுக்கு ஒழுகலாகத் தெரியாமல் ஈரமாகத் தெரிகிறது.

காசு செலவில்லாமல் ஒரு சோதனை. மாடி வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போகிற நாளாகப் பார்த்து, மாடி பாத்ரூமுக்குப் போகும் கேட் வால்வைத் திறந்தே வைத்து, யாரும் புழங்காமல் ஒரு நாள் விடுங்கள். அப்போதும் ஈரம் ஏறினால் நல்ல தண்ணீர் பைப்பில் ஓட்டை, அதில் எப்போதும் அழுத்தம் இருக்கும். ஏறவில்லை என்றால் கழிவு போகும் பக்கம். பிறகு நஹானியைத் துணி சுற்றிய பாலிதீனால் அடைத்து, சொட்டு நீலம் கலந்த தண்ணீரை ரெண்டு இஞ்ச் உயரத்துக்குத் தேக்குங்கள், சுவரில் பென்சிலால் கோடு போட்டுவிடுங்கள். மட்டம் இறங்கினால் தரையிலோ சுவர் ஓரத்திலோ கசிவு. இறங்கவே இல்லை, அடைப்பை எடுத்துத் தண்ணீரை ஓடவிட்ட பிறகுதான் கீழே ஈரம் வருகிறது என்றால் டிராப்புக்கும் பைப்புக்கும் நடுவில் இருக்கும் ஜாயிண்ட். நீலம் கீழே தெரிந்தால் ஆதாரம் கையில். தெரியவில்லை என்றால் கசிவே இல்லை என்று அர்த்தமில்லை, ஜல்லிக்குள் வடிகட்டி நிறம் போயிருக்கலாம்.

வில்லாபுரம் வயர்மேன்:

இன்ஜினியர் சார் சொல்வது நூத்துக்கு நூறு. கூடவே ஒன்று. அந்த ஈர மூலைக்குப் பக்கத்தில் லைட் பாயிண்ட் இருந்தால் இப்போதே கனெக்ஷனைக் கழற்றிவிடுங்கள். சீலிங்குக்குள் போகும் வயர் பைப்பில் தண்ணீர் இறங்கி ஹோல்டர் வழியாகச் சொட்டுவதை நான் நிறைய வீட்டில் பார்த்திருக்கிறேன்.

டைல்ஸ்கடை பழங்காநத்தம்:

கடைக்காரன் என்பதால் என் பேச்சை நம்ப மாட்டீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். மொசைக் மேலேயே ஒட்டலாம் என்பது ஹாலுக்குச் சரி. உங்கள் பாத்ரூமில் தரை முக்கால் இஞ்ச், ஒரு இஞ்ச் ஏறும், கதவு உரசும், ஹால் தரைக்கும் பாத்ரூம் தரைக்கும் இருந்த மட்ட வித்தியாசம் போய்விடும், வாளி கவிழ்ந்தால் தண்ணீர் நேராகக் கட்டிலுக்கு அடியில் நிற்கும். தவிர இந்தியன் பேசினை எடுக்கத் தரையை எப்படியும் உடைத்துத்தானே ஆக வேண்டும்? பாதியை உடைத்துப் பாதியை விட்டால் ரெண்டுக்கும் நடுவில் விரிசல் விழும்.

அளவு கணக்கு: சுத்துச் சுவர் 23 அடி ஓட்டம், ஏழடி உயரத்துக்கு 161 சதுர அடி. கதவும் வெண்டிலேட்டரும் போக சுமார் 140. பத்து சதவீதம் சேதாரம் சேர்த்தால் 154. தரை 32, சேதாரத்தோடு 35. சுவருக்கு ரெண்டுக்கு ஒன்று சைஸ் எடுத்துப் படுக்கவாட்டில் ஒட்டினால் ஏழு வரிசை சரியாக லிண்டல் மட்டத்துக்கு வந்து நிற்கும், உயரத்தில் ஒரு வெட்டுகூட வராது. நிமிர்த்து ஒட்டினால் மேலே அரை டைல்ஸ் துண்டு போட வேண்டிவரும். தரைக்கு ஒன்றுக்கு ஒன்று சைஸை விட்டுப் பெரிசுக்குப் போகாதீர்கள், ரெண்டுக்கு ரெண்டு டைல்ஸை வைத்துக்கொண்டு நஹானிக்கு நாலு பக்கமும் வாட்டம் கொடுக்க முடியாது, கொத்தனார் வெட்டி வெட்டி ஒட்டுவார், பார்க்க அசிங்கமாக இருக்கும். மேட் ஃபினிஷ், பெட்டியில் ஆர் 10 அல்லது ஆர் 11 (வழுக்காத தன்மையின் அளவு) என்று போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். பளபளப்புத் தரை அம்மாவுக்கு எமன்.

எல்லாவற்றையும் வாங்கும்போதே ஒரு பெட்டி கூட வாங்கிப் பரணில் போடுங்கள். பின்னால் ஒன்று உடைந்தால் அதே ஷேடு கிடைக்காது.

செக்கானூரணி தோழர்:

தரைக்கு ஆத்தங்குடிக் கல் போடலாமே, நம்ம பக்கத்து ஊர்ச் சரக்கு, வழுக்காது, அழகு.

டைல்ஸ்கடை பழங்காநத்தம்:

அழகுதான் தோழர். ஹாலுக்குப் போடுங்கள், பூஜை ரூமுக்குப் போடுங்கள். அது சூளையில் சுட்ட கல் இல்லை, சிமெண்ட் கல். வீட்டில் யாராவது ஒரு தடவை ஆசிட் ஊற்றிக் கழுவினால் பூவும் கொடியும் கரைந்து போய்விடும். சோப்புத் தண்ணீர் நாள் முழுக்க நிற்கிற இடத்துக்கு அது தோதுப்படாது.

கோச்சடை அக்கா:

தம்பி, என் மாமியாரை எட்டு வருஷம் பார்த்துக்கொண்டவள் என்ற முறையில் சொல்கிறேன், மேலே பேசினவர்கள் எல்லாம் ஆம்பளைகள், யாரும் அம்மாவைப் பற்றி முழுசாக யோசிக்கவில்லை.

கம்மோடு உயரம் முதலில். கடையில் நிற்கும்போது அம்மாவையே கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்துப் பாருங்கள், வெட்கப்படாதீர்கள். சாதாரணமாக வருவது தரையிலிருந்து 15, 16 இஞ்ச். முட்டி போனவர்களுக்கு சீட்டோடு சேர்த்து 17-லிருந்து 19 இஞ்ச் இருந்தால்தான் கையை ஊன்றாமல் எழ முடியும். அதே சமயம் ஆள் குள்ளமாக இருந்து கால் தரையில் படாமல் தொங்கினால் அதுவும் வேதனை.

அப்புறம் கைப்பிடி. டவல் கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், என் மாமியார் அதைத்தான் பிடித்தார், கம்பியும் அவரும் சேர்ந்து விழுந்தார்கள். கைப்பிடி என்றே தனியாக விற்கிறது, ஸ்டீல், ஒன்றேகால் ஒன்றரை இஞ்ச் தடிமன். கம்மோடுக்குப் பக்கவாட்டுச் சுவரில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று, தரையிலிருந்து 33 முதல் 36 இஞ்ச் உயரம். இதை டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். சுவர் பழசு என்றால் அந்த இடத்தில் செங்கலை எடுத்துவிட்டு கான்கிரீட் கட்டி வைத்துக்கொண்டு, அதில் ஆங்கர் போல்ட் அடிக்க வேண்டும். பிளாஸ்டிக் ராவல் பிளக்கில் மாட்டினால் நாலு மாசத்தில் ஆடும்.

குளிக்க பிளாஸ்டிக் ஸ்டூல் வேண்டாம், ஈரத்தில் வழுக்கிக்கொண்டு போகும். மூலையில் செங்கல் கட்டி மேலே கிரானைட் பலகை போட்டு உட்காரும் மேடை வைத்துவிடுங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், உள்ளே விழுந்து கதவுக்குக் குறுக்கே கிடந்தால் தள்ளித் திறக்க முடியாது. தாழ்ப்பாளும் வெளியிலிருந்து காசை வைத்துத் திருகித் திறக்கிற மாதிரி கிடைக்கிறது, அதை வாங்குங்கள். வாசலில் மூணு இஞ்ச் படி வைத்து அதில் தடுக்கி விழவைக்காதீர்கள், அரை இஞ்ச் இறக்கம் போதும், மீதியை உள்ளே வாட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

மேலூர் மச்சான்:

அக்கா சொன்ன கதவு விஷயம் நல்ல யோசனை, எனக்கே தோணவில்லை. ஆனால் ரப்பீஸ் கூலி பற்றி நான் சொன்னது தப்பில்லை.

ஆனையூர் சைட் இன்ஜினியர்:

கூலி தப்பில்லை மச்சான். அதை மிச்சம் பிடித்துத் தரையைத் திரும்பவும் ரெண்டு வருஷத்தில் உடைத்தால்தான் தப்பு. ரப்பீஸ் பேச்சு வந்ததால் சொல்கிறேன், டிராக்டர்காரர் கேட்காமலேயே கண்மாய்க் கரையில் கொண்டுபோய்த் தட்டிவிடுவார். கட்டடக் கழிவுக்கு 2016-லேயே தனி விதி வந்துவிட்டது, கொட்டக்கூடாத இடத்தில் கொட்டினால் அபராதம் வீட்டுக்காரர் தலையில்தான் விடியும். நல்ல செங்கல் துண்டு இருந்தால் பக்கத்தில் வீடு கட்டுகிறவர்களே பேஸ்மட்டம் நிரப்ப வாங்கிக்கொள்வார்கள், கேட்டுப் பாருங்கள்.

அளவைப் பற்றி: ஏழுக்கு நாலரை என்றால் 2.9 சதுர மீட்டர். கக்கூஸும் குளியலும் சேர்ந்த பாத்ரூமுக்கு நேஷனல் பில்டிங் கோட் (தேசியக் கட்டட விதித்தொகுப்பு) கேட்பது குறைந்தது 2.8, அகலம் 1.2 மீட்டர். ஒட்டிக்கொண்டு நிற்கிறீர்கள், அதனால் தொட்டி, அலமாரி, கண்ணாடித் தடுப்பு என்று எதையும் உள்ளே திணிக்காதீர்கள். வெண்டிலேட்டர் என்ன அளவு?

திருநகர்வாசி:

ரெண்டடிக்கு ஒன்றரை அடி. அக்கா, உங்கள் பதிவை வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். அம்மா கேட்டுவிட்டு, "அந்தப் பிள்ளை சொல்றதுதான் சரி" என்றார். அப்பாதான் வெஸ்டர்னில் உட்கார்ந்தால் தனக்குப் போகாது என்கிறார். கொல்லைப்புறத்தில் பழைய இந்தியன் கக்கூஸ் ஒன்று இருக்கிறது, அதை அவருக்கு விட்டுவிடலாம் என்று சமாதானம் ஆகியிருக்கிறது.

ஆனையூர் சைட் இன்ஜினியர்:

நல்லது, வேலை நடக்கும்போது வீட்டில் உள்ளவர்களுக்கும் அதுதான் கதி. அதை முதலில் கழுவிச் சரிபண்ணி லைட் போட்டு வையுங்கள். வெண்டிலேட்டர் பில்டிங் கோட் கேட்பதை விட ஒரு சதுர அடி குறைவு, 4 சதுர அடியாவது திறப்பு இருக்க வேண்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று போட்டால் சரியாகிவிடும்.

வில்லாபுரம் வயர்மேன்:

கீசர் இருக்கிறதா? சாதாரண 15 லிட்டர் கீசர் 2000 வாட், கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். 1994 வயரிங் என்றால் லைட் சர்க்யூட்டிலிருந்தே ஒரு பவர் பிளக் எடுத்துவிட்டிருப்பார்கள். மெயின் போர்டிலிருந்து 4 ஸ்கொயர் எம்எம் வயரில் தனி லைன் இழுத்து 16 ஆம்பியர் சாக்கெட், தனி எம்சிபி (லோடு கூடினால் தானாக விழும் ஸ்விட்ச்). ஸ்விட்ச் பாத்ரூமுக்கு வெளியே. எல்லாவற்றுக்கும் மேலே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிப்பது). எர்த் லைன் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள், நிறைய வீட்டில் வயர் இருக்கும், குழியில் கம்பி அற்றுப்போயிருக்கும். சுவரைக் கொத்துகிற வேலை எல்லாம் டைல்ஸுக்கு முன்னால் முடிந்துவிட வேண்டும். டைல்ஸ் ஒட்டினபிறகு "அண்ணே ஒரு பாயிண்ட் மட்டும்" என்று கூப்பிட்டால் நான் வர மாட்டேன்.

பரவை பிளம்பர் மகன்:

எங்கப்பா நாற்பது வருஷம் பிளம்பர், அவரிடம் இந்த இழையைப் படித்துக் காட்டிக் கேட்டதை எழுதுகிறேன். முதலில் ஷவர். தண்ணீர் பத்து மீட்டர் உயரத்தில் நின்றால்தான் ஒரு பார் அழுத்தம். உங்கள் டேங்க் மொட்டைமாடியில் ஸ்டாண்டு மேல் இருந்தாலும் கீழ் வீட்டு ஷவருக்கு அது ஐந்து, ஆறு மீட்டர்தான், பாதி பார் வரும். அதில் கைஷவர், சாதாரண சின்ன ஷவர் நன்றாக அடிக்கும். அந்தப் பெரிய தட்டு ஷவர் மழை மாதிரி கொட்டாது, கூரை ஒழுகுகிற மாதிரி சொட்டும். பிரஷர் பம்பு போடலாம், ஆனால் பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில் பம்பு போட்டால் இருக்கிற துருவோட்டை எல்லாம் வாய் திறந்துவிடும்.

ஜிஐ பைப் முழுவதையும் எடுத்துவிடுங்கள். சுடுதண்ணீருக்கு சூடு தாங்கும் பிளாஸ்டிக் பைப்பான சிபிவிசி, பச்சைத்தண்ணீருக்கும் அதையே போட்டால் குழப்பம் இல்லை. திருநகர் போர்த் தண்ணீர் உப்புத்தானே? அப்படியென்றால் சுவருக்குள் புதைக்கிற டைவர்ட்டர் (தண்ணீரைக் குழாய்க்கும் ஷவருக்கும் மாற்றிவிடும் வால்வு) வேண்டாம், அப்பா இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். உப்புப் படிந்து உள்ளே கார்ட்ரிட்ஜ் இறுகும், பார்ட்ஸ் கிடைக்கவில்லை என்றால் சுவரை உடைக்க வேண்டிவரும். வெளியே தெரிகிற வால் மிக்ஸர் போட்டால் ஸ்பேனர் இருந்தால் போதும். ஹெல்த் ஃபாசெட்டுக்கு (கழுவும் கைக்குழாய்க்கு) தனி ஆங்கிள் காக் என்கிற மூடும் குழாய் வைத்து, ராத்திரி அதை மூடும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள், அந்த ஹோஸ் வெடித்தால் டேங்க் காலியாகும்வரை ஓடும்.

சுவரில் தொங்கும் கம்மோடுக்குப் பின்னால் சிஸ்டர்னை (ஃப்ளஷ் தொட்டியை) புதைக்க இரும்பு ஃபிரேம் வேண்டும், அதற்குச் சுவருக்கு முன்னால் அஞ்சாறு இஞ்ச் தள்ளிக் கட்ட வேண்டும், நாலரை அடி அகலத்தில் எங்கே தள்ளுவீர்கள்? தரையில் நிற்கும் ஒரே பீஸ் கம்மோடு வாங்குங்கள், 3 லிட்டர் 6 லிட்டர் ரெட்டை ஃப்ளஷ். வாங்கும் முன்னால் கழிவு தரைக்குள் இறங்கும் எஸ் டிராப்பா, சுவருக்குள் போகும் பி டிராப்பா, எஸ் என்றால் முடிந்த சுவரிலிருந்து ஓட்டையின் நடு 9 இஞ்சா 12 இஞ்சா என்று முடிவு பண்ணுங்கள். முடிந்த சுவர் என்றால் டைல்ஸ் ஒட்டினபிறகு இருக்கிற சுவர். செங்கல் சுவரிலிருந்து அளந்து பைப் வைத்துவிட்டு, ஒன்றேகால் இஞ்ச் பூச்சும் டைல்ஸும் ஏறியதும் கம்மோடு சுவரில் இடிக்கும், சண்டை வரும்.

இன்னொன்று. வெளியே சேம்பருக்கு (கழிவுநீர்த் தொட்டிக்கு) போகிற பைப் என்ன? அந்த வருஷத்து வீடு என்றால் பழுப்பு நிற மண் பைப்பாக இருக்கலாம். பக்கத்தில் முருங்கையோ வேம்போ இருந்தால் ஜாயிண்டுக்குள் வேர் போயிருக்கும். உள்ளே புதுசாகப் பண்ணிவிட்டு வெளியே அதை விட்டுவைத்தால் பிரயோசனமில்லை, சேம்பர்வரை நாலு இஞ்ச் பிவிசி போட்டுவிடுங்கள்.

ஈசானியம்:

கம்மோடு எந்தத் திசை பார்த்து வருகிறது? பாத்ரூம் வடகிழக்கில் இருந்தால் கம்மோடையே வைக்கக்கூடாது. உட்காரும்போது முகம் வடக்கோ தெற்கோ பார்க்க வேண்டும்.

டைல்ஸ்கடை பழங்காநத்தம்:

ஐயா, நாலரை அடி அகல ரூமில் பைப் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் உட்கார முடியும்.

ஈசானியம்:

நம்பிக்கை உள்ளவர்களுக்குச் சொன்னேன். சண்டைக்கு வரவில்லை.

திருநகர்வாசி:

வீடு தெற்குப் பார்த்தது, பாத்ரூம் வடமேற்கு. அப்பா ஏற்கெனவே ஆளைக் கூட்டி வந்து பார்த்துவிட்டார், பிரச்சினை இல்லை ஐயா.

சோதனை முடிவு சொல்ல வந்தேன். மாடியில் இருப்பவர்கள் கல்யாணத்துக்குச் சிவகாசி போயிருந்தார்கள், சாவி வாங்கிவைத்து இன்ஜினியர் சார் சொன்னபடி செய்தேன். புழங்காத நாளில் மூலை காய்ந்துகொண்டுதான் வந்தது. சொட்டு நீலம் விட்டுத் தேக்கினேன், கோட்டிலிருந்து இறங்கவே இல்லை. அடைப்பை எடுத்து விட்டபிறகு சாயங்காலம் சீலிங்கில் கையை வைத்தால் சில்லென்று இருந்தது, மறுநாள் காலையில் சுண்ணாம்பு மேல் லேசாக ஒரு நீல வளையம், ரெண்டு ரூபாய்க் காசு அளவுக்கு. வீட்டுக்காரி அதைப் பார்த்ததும் மழை ஷவர் பேச்சை விட்டுவிட்டாள்.

ஆனையூர் சைட் இன்ஜினியர்:

பிரமாதம். தரை நன்றாக இருக்கிறது, டிராப்புக்குக் கீழே ஜாயிண்ட் போய்விட்டது.

மேலூர் மச்சான்:

அப்படியென்றால் நஹானியைச் சுற்றி மட்டும் கெமிக்கல் ஊற்றி எபாக்ஸிப் பசை அடைத்தால் போதுமே? எதுக்கு முழுசாக உடைக்க வேண்டும்?

ஆனையூர் சைட் இன்ஜினியர்:

கசிவு தரைக்கு மேலே என்றால் நீங்கள் சொன்னது சரி மச்சான். இது தரைக்கு அடியில் அரையடி, முக்கால் அடி ஆழத்தில், பைப்புக்கு வெளிப்பக்கம். மேலே எபாக்ஸி வைத்தால் அங்கே போய்ச் சேராது. நஹானியைச் சுற்றி ரெண்டடிச் சதுரம் மட்டும் தோண்டி ஜாயிண்டை மாற்றலாம், காசு நெருக்கடி என்றால் அது ஒரு வழிதான். ஆனால் முப்பது வருஷ ஜல்லி முழுக்க ஈரம் ஊறிக் கிடக்கிறது, மற்ற ஜாயிண்டும் அதே வயசு. என்னைக் கேட்டால் முழுக்க அள்ளிவிடுவேன்.

அள்ளியபிறகு வெறும் ஸ்லாப்பைப் பார்க்கலாம், கம்பி தெரிகிற இடத்தில் துருவைத் தேய்த்து ரிப்பேர் மார்ட்டர் கலவை பூச வேண்டும். பைப் எல்லாம் எஸ்டபிள்யூஆர் (கழிவுத் தண்ணீருக்கான பிவிசி), கம்மோடுக்கு 110, குளியல் தண்ணீருக்கு 75 எம்எம். பிறகு ஸ்லாப், பள்ளத்தின் நாலு பக்கச் சுவர், தரைக்கு மேலே ஒரு அடி சுவர் எல்லாவற்றிலும் பாலிமர் சிமெண்ட் வாட்டர் புரூஃபிங் ரெண்டு கோட்டு, முதல் கோட்டு கிழமேல் என்றால் அடுத்தது தென்வடல். குளிக்கும் பக்கச் சுவரில் ஆள் உயரத்துக்கு. பைப் சுவரைத் துளைக்கிற இடத்தில் வலை வைத்து அடிக்கச் சொல்லுங்கள். மூலையில் சிமெண்டால் வளைவாகப் பூசிவிட்டு அடிக்க வேண்டும், கூர்மையான மூலையில் கோட்டிங் கிழியும். காய்ந்தபிறகு தண்ணீர் தேக்கி ரெண்டு நாள் விடுங்கள், கீழே நின்று பாருங்கள். ஈரம் இல்லை என்று கண்ணால் பார்த்தபிறகுதான் நிரப்ப வேண்டும். இந்த ரெண்டு நாளைத்தான் எல்லாக் கொத்தனாரும் தின்னப் பார்ப்பார்கள், "எத்தனை பாத்ரூம் பார்த்தாச்சு சார்" என்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். மாடித் தரையில் மேலே ஒரு நஹானி வைப்பதோடு, பள்ளத்தின் அடியில் தேங்குவது வெளியேற ஒரு சின்ன பைப்பையும் வெளிச்சுவருக்கு விட்டுவிடுங்கள், பின்னால் எங்கே கசிந்தாலும் உங்கள் சீலிங்குக்கு முன்னால் அந்தப் பைப் சொட்டிக் காட்டிக்கொடுக்கும்.

கீழ் வீட்டுக்குச் சங்கன் இல்லை, மண் மேல் தரை. அங்கே வாட்டம்தான் முக்கியம். ஏழடிக்கு ஒரு இஞ்ச் இறக்கம். அதற்கு மேல் கொடுத்தால் அம்மா சாய்ந்து நிற்பார், குறைந்தால் தண்ணீர் தேங்கும். கடைசி டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் ஒரு போணித் தண்ணீரை வாசல் பக்கம் ஊற்றிப் பாருங்கள், தானாக நஹானிக்கு ஓட வேண்டும்.

திருநகர்வாசி:

மாடி, கீழ் ரெண்டும் என்றால் ஒன்றரை லட்சம் தாங்குமா சார்? வாடகைக்காரர்களை எப்படிச் சமாளிப்பது?

ஆனையூர் சைட் இன்ஜினியர்:

மாடியில் பழைய கம்மோடு, குழாய் எல்லாம் நன்றாக இருந்தால் அதையே திரும்பப் பொருத்துங்கள், தரை டைல்ஸும் சுவரில் அடிப்பக்கம் ஒரு அடி டைல்ஸும் மட்டும் புதுசு. கீழே விலை குறைந்த டைல்ஸ் எடுங்கள். டைல்ஸ் பளபளப்பில் மிச்சம் பிடித்தால் பைப், கோட்டிங், வயரிங் மூன்றுக்கும் கை கடிக்காது. லேபர் கான்ட்ராக்ட் மட்டும் விடுங்கள், சாமான் நீங்களே வாங்குங்கள். தெற்கு மாரட் வீதியில் ரெண்டு கடையில் விலை கேட்டு ஒரே நாளில் முடித்துவிடலாம். ஆளுக்கு வேலையைப் பிரித்துப் பணம் கொடுங்கள்: உடைத்து அள்ளியதும் கொஞ்சம், தண்ணீர் தேக்கிப் பார்த்ததும் கொஞ்சம், டைல்ஸ் முடிந்ததும் கொஞ்சம். கடைசிப் பங்கு நல்ல கனமாகக் கையில் இருக்கட்டும்.

பரவை பிளம்பர் மகன்:

சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் முடிகிற மாதிரி ஆரம்பியுங்கள். அழகர் ஆற்றில் இறங்குகிற வாரத்தில் மதுரைக்குள் ஒரு கொத்தனாரும் கிடைக்க மாட்டார், எங்கப்பாவே போன் எடுக்க மாட்டார். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரம்பித்தால் கோட்டிங் காயாது.

கோச்சடை அக்கா:

வாடகைக்காரர்களைப் பற்றித் தம்பி: மாடி பாத்ரூம் உடைக்கிற காலத்துக்கு அவர்கள் உங்கள் கீழ் பாத்ரூமைப் புழங்கட்டும், மாடி முடிந்தபிறகு கீழே உடையுங்கள், அப்போது நீங்கள் மேலே போங்கள். அந்த மாச வாடகையில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், மனசு கோணாமல் இருப்பார்கள். அவர்கள் வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் தூசிக்கு வாசல் கதவில் ஈரச் சேலை கட்டிவிடச் சொல்லுங்கள்.

உப்புத் தண்ணீர் வீடு என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். தரை டைல்ஸ் இடுக்குக்கு எபாக்ஸி போடுங்கள், காசு கூடத்தான், ஆனால் வெள்ளை சிமெண்டு இடுக்கு வருஷத்தில் கருத்துவிடும், பிறகு ஆசிட் வாங்கி ஊற்றுவீர்கள், ஆசிட் அந்த சிமெண்டையே தின்றுவிடும், குழாயின் பளபளப்பும் போகும், செப்டிக் டேங்கில் இருக்க வேண்டிய கிருமியும் சாகும். குளித்தபின் வைப்பரால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டால் உப்பே படியாது. படிந்ததற்கு எலுமிச்சை உப்பு போதும். பிளீச்சிங் பவுடரையும் ஆசிடையும் ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள், அதிலிருந்து வருகிற குளோரின் புகை அந்தச் சின்ன ரூமுக்குள் ஆளைச் சாய்த்துவிடும்.

திருநகர்வாசி:

கண்ணாடித் தடுப்பு வேண்டாம் என்று இன்ஜினியர் சார் சொன்னார், ஆனால் கம்மோடு பக்கம் நனையாமல் இருக்க ஏதாவது?

கோச்சடை அக்கா:

ஒரு கம்பியும் பிளாஸ்டிக் திரையும் போதும். உப்புத் தண்ணீரில் கண்ணாடி ஒரு மாசத்தில் வெள்ளை பூத்துவிடும், அதைத் தேய்ப்பது யார்?

டைல்ஸ்கடை பழங்காநத்தம்:

டைல்ஸ் ஒட்டி முடிந்ததும் ஒரு வேலை. ஐந்து ரூபாய்க் காசை எடுத்து ஒவ்வொரு டைல்ஸையும் நாலு மூலையிலும் நடுவிலும் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் சரி, டொக்கென்றால் உள்ளே வெற்றிடம். நாலு மூலையில் நாலு உருண்டை, நடுவில் ஒன்று என்று வைத்து அமுக்கிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். விட்ரிஃபைடு டைல்ஸ் என்றால் தண்ணீரே உறிஞ்சாது, சிமெண்ட் பால் பிடிக்காது, பல்லுள்ள கரண்டியால் டைல்ஸ் கம் (ஒட்டும் பசை) இழுத்துத்தான் ஒட்ட வேண்டும். சுவருக்கு சாதா செராமிக் எடுத்தால் சிமெண்டிலேயே ஒட்டலாம், ஒட்டுவதற்கு முன்னால் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். அந்தக் கடைசிப் பங்குப் பணத்தைக் காசு தட்டியபிறகு கொடுங்கள்.

வில்லாபுரம் வயர்மேன்:

பூச்சு மூடுவதற்கு முன்னால் நாலு சுவரையும் டேப்பைப் பிடித்தபடி போனில் படம் எடுத்து வையுங்கள். பைப் எங்கே, வயர் எங்கே என்று பின்னால் டிரில் போடும்போது தெரியும்.

திருநகர்வாசி:

எல்லாருக்கும் பெரிய நன்றி. மாடி வீட்டு அண்ணனிடம் பேசிவிட்டேன், பொங்கல் கழிந்து ஆரம்பிக்கச் சம்மதம், வாடகை பாதி. பரவைத் தம்பி, உங்கப்பா வருவாரா?

பரவை பிளம்பர் மகன்:

அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு முடிந்த மறுநாள் வெள்ளன வந்து பார்க்கிறேன் என்கிறார். சேம்பர் மூடியை மட்டும் திறந்துவையுங்களாம், முதலில் அதைத்தான் பார்ப்பாராம்.

செக்கானூரணி தோழர்:

பழைய இந்தியன் பேசினைத் தூக்கிப் போடாதீர்கள், எங்கள் தோட்டத்து வேலைக்காரர்களுக்கு ஒரு கக்கூஸ் கட்ட வேண்டும், வந்து எடுத்துக்கொள்கிறேன்.

ஆனையூர் சைட் இன்ஜினியர்:

அது கான்கிரீட்டோடு சேர்ந்து பிடித்திருக்கும் தோழர், முழுசாக வராது. கால் வைக்கிற கல் ரெண்டும் வேண்டுமானால் தேறும்.

திருநகர்வாசி:

தேறினால் எடுத்து வைக்கிறேன் தோழர். வண்டி நீங்கள்தான் கொண்டுவர வேண்டும்.